வானத்தில் இல்லாத சுவர்

கொரோனா காலத்தில் ஆவடியிலிருந்து ஒரு போன் வந்தது. அப்பா ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்த நாளில், குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த அக்கா. "இன்னாமே, நீ பிளாஸ்மாவுலதான வேல செய்யுற? எங்க ஊட்டுக்காரரு ஆஸ்பத்திரில கீறாரு. ஒரு பாட்டில் வாங்கிக் குடுமே" என்றாள். என் பிளாஸ்மா ரத்தத்தில் இருப்பதல்ல, நட்சத்திரங்களில் கொதிக்கிற வாயு, அதுவும் என்னிடம் காகிதத்தில்தான் இருக்கிறது என்று அந்த நேரத்தில் அவளிடம் எப்படிச் சொல்வது? ரத்த வங்கி ஒன்றின் எண்ணைத் தேடிக் கொடுத்தேன். அவளைக் குறை சொல்லமாட்டேன். கூட வேலை பார்க்கிறவர்களுக்கே நான் என்ன செய்கிறேன் என்று தெரியாது.

வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். அது வயிற்றுக்கு. மனசுக்கு ஒரே ஒரு கேள்வி: கருந்துளையைச் சுற்றித் தட்டுப்போலப் பரவிக்கிடக்கும் வாயு எப்படி உள்ளே விழுகிறது? சுற்றுகிற பொருள் சும்மா விழுந்துவிடாது. தன் சுழற்சியை வேறெங்காவது தள்ளிவிட்டால்தான் விழ முடியும். எப்படித் தள்ளுகிறது என்று கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம், காகிதமும் ஒரு கணினியும் போதும். செலவில்லாத ஆராய்ச்சி என்பதால் நிர்வாகம் என்னைச் சகித்துக்கொண்டது.

நான் காந்தப்புலத்தையும் சேர்த்துக் கணக்குப் போட ஆசைப்பட்டேன். எங்கள் துறைத் தலைவருக்குப் பொறுமை இல்லை. "அதெல்லாம் வேணாம்மா, இழுத்துகினே போவும். சிம்பிளா ஒரு அலைய எடுத்துக்கோ, அது வளருதான்னு பாரு" என்றார். வாயுவில் எழும் ஒரு சின்ன அலை தானாக வளர்ந்தால், அதுவே சுழற்சியை வெளியே கடத்திவிடும். நல்ல யோசனைதான். ஆனால் தட்டின் உள்விளிம்புக்கு வந்ததும் அலை என்ன ஆகிறது என்பதைக் கணக்கில் நாமே சொல்லியாக வேண்டும். "செவுரு வெச்சிடு" என்றார். அதாவது, அலை அங்கே முட்டித் திரும்பிவிடும் என்று ஒரு நிபந்தனை. வைத்தேன். அலை வளர்ந்தது, அப்படியொரு வளர்ச்சி! கட்டுரை வெளிநாட்டு இதழில் வந்தது, அவர் பெயர் முன்னால், என் பெயர் பின்னால். கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். கருந்துளை என்று போட்டு, பக்கத்தில் சனிக்கிரகத்தின் படம். அதையும் பெருமையாக நின்று பார்த்தேன்.

அடுத்த ஆண்டு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். முனைவர் பட்டத்துக்கு எங்கள் கட்டுரையை அடிப்படையாக எடுத்திருக்கிறாள். "மேடம், நீங்க போட்ட மாதிரியேதான் போடுதேன். எனக்கு மட்டும் அலை வளரவே மாட்டேங்கு. சார் தெனமும் ஏசுதாங்க. நான் எங்க தப்பு பண்ணுதேன் மேடம்?" சுவரைப் பற்றிக் கட்டுரையில் நாங்கள் ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை. உள்விளிம்பில் என்ன வைத்தாய் என்று கேட்டேன். "ஒண்ணும் வைக்கல மேடம். அங்க வாயு உள்ள விழுந்துருமே, அலையும் அது கூடயே போயிரும்லா?" என்றாள்.

உட்கார்ந்து சுவரை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். அலை உள்ளே போனது, போனதுதான். சுவரில் முட்டித் திரும்பித் திரும்பி வந்ததால்தான் எங்கள் அலை வளர்ந்திருக்கிறது. கருந்துளைக்கு ஏது சுவர்? அவளைக் கூப்பிட்டு, நீ போட்டதுதான் சரி என்று சொன்னேன். அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டியான அந்தச் சாரிடமும் பேசினேன். அந்த மனுஷன், "அச்சுல வந்தது தப்புன்னா, அதையும் அச்சுல கொண்டாங்க. போன்ல சொன்னா நான் எப்படிம்மா ஏத்துக்க முடியும்?" என்று போனை வைத்துவிட்டார்.

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று இதழுக்கு எழுத வேண்டும். அதற்கு இரண்டு பேரின் கையெழுத்தும் வேண்டும். தலைவரிடம் போனேன். "இன்ஸ்பெக்ஷன் வர்ற நேரத்துல இன்னாம்மா இது? இருக்கறதே அந்த ஒரு பேப்பர்தான். அவங்க வந்துட்டுப் போவட்டும்" என்றார். ஒரு பெண்ணின் படிப்பு கெடுகிறது சார் என்றேன். "அது அவங்க காலேஜ் பிரச்சன" என்றார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. இன்ஸ்பெக்ஷன் தள்ளிப்போனது, பிறகு மறுபடியும் தள்ளிப்போனது. அந்தப் பெண் முதலில் அடிக்கடி கேட்டாள், பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள்.

ஒருவழியாகக் குழு வந்து, சாப்பிட்டு, பாராட்டிவிட்டுப் போனது. தலைவர் பேனாவை எடுத்தார். இதழுக்கான கடிதத்தில், பிழையைச் சுட்டிக்காட்டியவர் என்று அவள் பெயரைப் போட்டு ஒரு வரி எழுதியிருந்தேன். அதை அடித்தார். "வெளியாளு, அதுவும் ஸ்டூடண்ட் சொல்லித்தான் நமக்கே தெரிஞ்சுதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லணுமா? இது இருந்தா சைன் கெடையாது." கத்தினேன். அவர் பேனாவை மூடிவிட்டார். இன்னும் தாமதமானால் அவளுக்குத்தான் கேடு என்று, அந்த வரி இல்லாமலே கையெழுத்து வாங்கி அனுப்பினேன். நாசமாய்ப் போக, அதற்கும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அறிவிப்பு வெளியானது. அந்த வாரமே ஆசிரியர் கூட்டம். முதல்வர் மைக்கைப் பிடித்து, "நம்ம ஃபிசிக்ஸ் டிபார்ட்மென்டுக்கு ரெண்டு இன்டர்நேஷனல் பப்ளிகேஷன்" என்றார். தலைப்பும் எங்கள் பெயர்களும் இரண்டாம் முறை இணையத்தில் வந்ததால் இரண்டு என்று எண்ணியிருக்கிறார்கள்! எழுந்து, "சார், ரெண்டாவது வந்தது, மொதல்ல வந்தது தப்புன்னு சொல்ற அறிவிப்பு" என்றேன். "எதுவா இருந்தா இன்னாம்மா, நம்பர் ஏறிச்சில்ல?" என்றார். கைதட்டினார்கள். எங்கள் தலைவருக்கும் எனக்கும் ஆளுக்கொரு பொன்னாடை போர்த்தினார்கள்.

பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். அச்சில் வந்துவிட்டது, உன் சாரிடம் கொண்டுபோய்க் காட்டு என்றேன்.

"நான் விட்டுட்டேன் மேடம். இப்ப ஒரு ஜவுளிக்கடையில பில்லு போடுதேன்."

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவளே பேசினாள்.

"பரவால்ல மேடம். எனக்கு அனுப்புங்க. வீட்ல எல்லாரும் எனக்குக் கணக்கு வராதுன்னு நெனச்சிட்டு இருக்காங்க. அப்பாட்ட காட்டணும்."

அனுப்புகிறேன் என்றேன்.

"அதுல எம் பேரு இருக்கா மேடம்?"

இல்லை என்று சொன்னேன்.