ஏழாயிரம்பண்ணைக்கு லைன் இல்லாத நாட்கள்

சிவகாசியில் ஒரு பட்டாசு கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பெட்டி லேபிள், லோடு பட்டியல் எல்லாம் ஹெட் ஆபீஸ் சர்வரில் இருக்கும். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் உள்ள எங்கள் ஆலை ஆபீஸிலும் அதையேதான் திறப்பார்கள். திரையில் Z டிரைவ் என்று தெரிவதால், அங்கே அதற்கு ‘இசட்’ என்று பெயர்.

குழாய் பதிக்க ஜேசிபி ரோட்டைத் தோண்டும்போதெல்லாம் கேபிள் அறுந்துவிடும். உடனே ஆலை ஆபீஸைக் கவனிக்கும் அண்ணாச்சி போன் செய்வார். “இசட் போயிருச்சும்மா.” லாரி வாசலில் நிற்கும். நான் பட்டியலை வரிவரியாக வாசிக்க, அவர் எழுதிக்கொள்வார். நான் சொன்ன குருவி வெடி ஒருமுறை அருவி வெடியாகவே லாரி ஏறியது.

அதனால் ஆலையிலேயே ஒரு சின்ன சர்வர் பெட்டியை வைத்தேன். இசட்டின் நகல் எப்போதும் அதில் இருக்கும். லைன் போனால் நகலில் வேலை நடக்கும். லைன் வந்ததும் இரண்டும் தானாகவே ஒன்றாகிவிடும். அடுத்த முறை கேபிள் அறுந்தபோது போனே வரவில்லை. அந்தப் பெருமையில் இரண்டு டீ குடித்தேன்.

மூன்று மணிக்கு லைன் வந்தது. திரையில் ஏதோ அறிவிப்பு வந்தது; படிக்காமலே மூடிவிட்டேன். கால் மணி நேரத்தில் அண்ணாச்சி அழைத்தார்.

“பூச்சட்டி லேபிள்ல அஞ்சு எண்ணம்னு இருந்ததைப் பத்துன்னு திருத்தி வச்சேன். இப்பத் தெறந்தா மறுபடியும் அஞ்சா இருக்கு. நீங்க ஏதும் மாத்துனீகளாம்மா?”

மூடிய அறிவிப்பைத் தேடித் திறந்தேன். லைன் இல்லாத நேரத்தில் அதே லேபிளின் பழைய பிரதிக்கு இங்கே எங்கள் டிசைனர் பச்சை பார்டர் போட்டு, அண்ணாச்சிக்குப் பிறகு சேமித்திருந்தார். பெட்டி கடைசியாகச் சேமித்ததையே எடுத்துக்கொண்டது. நான் மூடிய அறிவிப்பு அதைத்தான் சொல்லியிருக்கிறது. பின்கட்டில் இருந்த பிரஸ்ஸுக்கு ஓடினேன். அந்த லேபிளின் அச்சு பிளேட்டை மாட்டிக்கொண்டிருந்தார்கள். நிறுத்தச் சொன்னேன். பிரஸ்காரர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. நல்லவேளை, அண்ணாச்சி திருத்திய பிரதி ஒரு மூலையில் பத்திரமாக இருந்தது. இரண்டு திருத்தங்களையும் சேர்த்து வேறு பிளேட் போட்டோம்.

மறுநாள் காலை பஸ் ஏறிப் போய், தப்பு என்னுடையதுதான் என்று அவரிடம் சொன்னேன். அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

“ஒரே பைல்ல அங்கனயும் இங்கனயும் கை வச்சா அது என்னம்மா செய்யும்? லேபிளை நீங்களே வச்சுக்கோங்க. திருத்தம் எழுதிப் போட எனக்கு ஒரு போல்டர் மட்டும் குடுங்க.”

அப்படியே செய்தேன். லேபிளை ஆலையில் பார்க்க மட்டும் முடியும். லோடு பட்டியலில் ஆலைக்காரர்கள் மட்டும் கை வைப்பார்கள். எந்த செட்டிங்கை மாற்றலாம் என்று ராத்திரியெல்லாம் யோசித்த எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

போன மாதம் ஒருநாள் முழுக்க லைன் இல்லை. மனம் கேட்காமல் நானே அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

“லைன் இல்லையா? ரெண்டு லோடு ஏத்தி அனுப்பியாச்சேம்மா” என்றார். பிறகு, “சாப்பிட்டீகளா?” என்று கேட்டார்.