சிவப்பு கிரைண்டரின் முதல் மாவு

மங்கைக்கு நாற்பத்தாறு வயது. செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் விவசாயிகள் கொட்டும் நெல்லையும் மணிலாக் கொட்டையையும் தூற்றிக் கூட்டி மூட்டை கட்டும் பெண்களில் ஒருத்தி. பிறந்தது சிங்கவரம். விநாயகத்தைக் கட்டிக்கொண்டு செஞ்சிக்கு வந்தாள். அவரும் அதே கமிட்டியில் மூட்டை தூக்கியவர்தான். எட்டு வருஷத்துக்கு முன்பு மஞ்சள் காமாலையில் போய்விட்டார். மகள் தமிழினி இப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள்.

அவர்கள் வீட்டில் ஒரு கிரைண்டர் இருந்தது. அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த காலத்தில் வந்தது. பத்து வருஷத்துக்கு மேல் உழைத்துவிட்டு, போன பொங்கலுக்கு முன்னால் புகைவிட்டுப் படுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு மிக்சிதான். மிக்சியில் இட்லிக்கு அரைப்பது என்ன பாடு என்று அரைத்தவர்களுக்குத் தெரியும். ரெண்டு சுற்றில் ஜார் சுடும். மூன்றாவதில் மோட்டார் நாறும். நாலாவதில் நின்றுவிடும், ஆறும்வரை பக்கத்திலேயே குந்தியிருக்க வேண்டும். பகலெல்லாம் நெல் தூசியில் நின்றவள், ராத்திரி இந்த மிக்சிக்குக் காவல் இருந்தாள். இலவசம் கொடுத்து ஜனங்களைச் சோம்பேறியாக்கிவிட்டார்கள் என்று பேசுகிறவர்களில் ஒருவரையாவது ஒரு வாரம் அந்த மிக்சிக்கு முன்னால் உட்காரவைக்க வேண்டும்.

அதனால்தான் பஜாரில் இருக்கும் கடையில் மங்கை போய் நின்ற அந்தச் சனிக்கிழமை அவளுக்குத் திருநாள். மேஜைமேல் வைக்கிற சின்ன கிரைண்டர், உள்ளே மூன்று கல். தமிழினி வெள்ளையைக் காட்டினாள்.

"வெள்ள வாணாம். செவப்பு குடுப்பா."

"செவப்பா? கிச்சனுக்கு மேட்ச் ஆவாதும்மா."

"இன்னாடி மேட்ச்சு? நம்ம கிச்சன்ல கரியும் பல்லியும்தான் இருக்குது. அதுக்கு எது மேட்ச்?"

கடைக்காரர் சிரித்துவிட்டு ஒரு விஷயம் சொன்னார். "மொதல் தடவ நொய்யரிசிய ஊறவெச்சி கால் மணி நேரம் ஓட்டிட்டு கொட்டிடுங்கம்மா. புதுக் கல்லுல தூள் இருக்கும். அடுத்த தடவையிலேர்ந்து சாப்பாட்டுக்கு அரைங்க."

மங்கை அதை இன்னொரு முறை சொல்லச்சொல்லிக் கேட்டுக்கொண்டாள். ஷேர் ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கேட்டவர்களுக்கும் சொன்னாள், கேட்காதவர்களுக்கும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு கிண்ணத்தில் நொய்யும் குண்டானில் உளுந்தும் ஊறின. நொய்யை ஓட்டிக் கொட்டிவிட்டு உளுந்தை ஆட்டி வடை சுடுவதாகத் திட்டம். அவளுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். அந்த ஸ்விட்சை முதன்முதலில் தன் கையால் போட வேண்டும். இதிலென்ன என்று தோன்றலாம். விநாயகம் போனதிலிருந்து எந்த வீட்டிலும் எந்தக் காரியத்தையும் மங்கையைத் தொடங்கச் சொன்னதில்லை. ஓரகத்தி மகள் கல்யாணத்தில் தாலியைத் தொட்டு ஆசீர்வதிக்கத் தட்டு சுற்றி வந்தபோது, அவளை அடுப்படிப் பக்கம் ஏதோ வேலையாக அனுப்பிவிட்டார்கள். தேங்காய் துருவ அவள் கை ஆகும். தட்டைத் தொட ஆகாது.

மூன்று மணிக்கு எதிர்வீட்டிலிருந்து துரைக்கண்ணு வந்தார். விநாயகத்தின் அண்ணன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் அல்ல. தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராத்திரி பகல் பார்க்காமல் கூட இருந்தவர். கூடவே அவர் மனைவி, அந்த ஓரகத்தி அமிர்தவல்லி.

"எத்தினி மணிக்கு போடற?"

"நாலரைக்கு மாமா. உளுந்து ஊறணும்."

"ஞாயித்துக்கெழம நாலரைக்கா? ராகு காலம்மா! மூணேகாலுக்கு நல்ல நேரம், இப்பவே போடு." கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். "இன்னா இது, நொய்யா? புதுப் பொருள நொய்ய போட்டா ஆரம்பிப்பாங்க? உளுந்த போடு."

"மொத மாவ கொட்டிடணும் மாமா. கடைக்காரரு சொன்னாரு, கல்லுத் தூளு வரும்னு."

"மொத மாவ கொட்டறதா? லட்சுமிய கொட்டுவாங்களா? அவன் வியாபாரி, நூறு சொல்லுவான். மொத வடை எனக்கு குடு, நான் துண்றேன்."

மங்கை உளுந்தை அள்ளிப் போட்டுவிட்டு ஸ்விட்ச் பக்கம் கையை நீட்டினாள். துரைக்கண்ணு தொண்டையைச் செருமினார்.

"நீ இரும்மா. அமிர்தவல்லி போடட்டும். நல்ல காரியம் பாரு. ஒனக்கே தெரியும்."

தமிழினி கொதித்தாள். "இன்னா பெரிப்பா தெரியும்? வாங்கினது எங்கம்மா!"

"சும்மா இருடி," என்றாள் மங்கை. நீட்டிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "போடுங்கக்கா."

அமிர்தவல்லியால் முகத்தை நிமிர்த்த முடியவில்லை. ஒற்றை விரலால் ஸ்விட்சைத் தட்டிவிட்டு, ஷாக் அடிக்குமோ என்று ரெண்டடி பின்னால் போய் நின்றாள். கிரைண்டர் ஓடியது. யார் கை பட்டாலும் ஓடியிருக்கும். மோட்டாருக்கு மின்சாரம்தான் வேண்டும், கழுத்தில் என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. இத்தனை வருஷம் மேல்மலையனூர் கோயிலுக்கு அமாவாசை பஸ்ஸில் போன துரைக்கண்ணுவுக்கு இது தெரியாததா? எமகண்டத்தில் எத்தனை தடவை விசில் ஊதி வண்டியை எடுத்திருப்பார்! டிரைவர் டீ குடித்து முடித்தால் பஸ் கிளம்பும், அதுதான் நேரம். பஸ்ஸுக்குப் பார்க்காத சகுனத்தை ஒரு பெண்ணின் கைக்குப் பார்த்தார்.

உளுந்து சாம்பல் நிறத்தில் பொங்கி வந்தது. மங்கை அதை வழித்து எடுத்தாள். பாதி உளுந்தை மட்டும்தான் போட்டிருந்தாள். மீதி குண்டானிலேயே ஊறிக்கொண்டிருந்தது. நாலு மணிக்கு வடை சுட்டு, முதல் தட்டைத் துரைக்கண்ணு முன்னால் வைத்தாள்.

"மாமா, மறுபடியும் சொல்றேன். தூளு இருக்கும்."

"குடும்மா, ஒன்னும் ஆவாது."

ஒரு கடி கடித்தார். நறநறவென்ற சத்தம் வாசல்வரை கேட்டது. மென்றார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். தண்ணீர் குடித்தார். அமிர்தவல்லி ஒரு விள்ளல் வாயில் போட்டு உடனே கையில் துப்பினாள்.

"அய்யய்யோ! செஞ்சிக் கோட்டையே வாயில இருக்குது. ஏங்க, எப்படிங்க முழுங்கறீங்க?"

"நல்லாத்தான் இருக்குது," என்றார் துரைக்கண்ணு, பல்லை நாக்கால் துழாவிக்கொண்டே.

தமிழினிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பெரிப்பா, லட்சுமிய மெதுவா கடிங்க. பல்லு போயிடும்!"

முதலில் அமிர்தவல்லி சிரித்தாள். அப்புறம் மங்கை. அவள் அப்படிச் சிரித்து மகளே ரொம்ப நாளாகப் பார்த்ததில்லை. கடைசியில் துரைக்கண்ணுவும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "போதும்டி, ஒத்துக்கறேன், மண்ணுதான்," என்றார்.

மங்கை எழுந்து கல்லைக் கழுவினாள். நொய்யைப் போட்டாள். சுவரில் மணி நாலே முக்கால். வெயில் ராஜகிரி மலைப் பக்கம் சாய்ந்திருந்தது.

"மங்க, ராகு காலம்..." என்று ஆரம்பித்தார் துரைக்கண்ணு. பழக்கம், வாயில் தானாக வந்துவிட்டது.

"இருக்கட்டும் மாமா. ராகுவும் வந்து ரெண்டு வடை சாப்பிட்டுப் போவட்டும்."

"நீ போடு மங்க," என்றாள் அமிர்தவல்லி. "நல்ல நேரத்துல நான் போட்டது வாயில வெக்க முடியல. இனிமே யாரு கை நல்லதுன்னு எவனாவது சொல்லட்டும், இந்த வடைய அவன் வாயில திணிக்கறேன்." சொல்லும்போது அவள் புருஷனைத்தான் பார்த்தாள்.

மங்கை ஒற்றை விரலால் தட்டவில்லை. உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். கல் சுற்ற ஆரம்பித்தது. கால் மணி நேரம் நொய்யை ஓட்டி, வழித்து, முருங்கை மரத்தடியில் கொட்டினாள். கழுவினாள். மீதி உளுந்தைப் போட்டு மறுபடியும் தானே ஸ்விட்சைப் போட்டாள். மாவு பஞ்சுமாதிரி வெள்ளையாக எழும்பியது. தமிழினி விரலால் தொட்டு நக்கப் பார்த்து அடி வாங்கினாள்.

ஐந்தே முக்காலுக்கு வடை எண்ணெயில் உப்பியது. அமிர்தவல்லி புருஷன் தோளைத் தட்டினாள்.

"எழுந்திருங்க, வூட்டுக்குப் போலாம். ஆறு மணி வரைக்கும் ராகு காலம். நீங்க சாப்பிடக் கூடாது."

"உக்காருடி," என்றார் துரைக்கண்ணு. "வடைக்கு ஏது ராகு காலம்?" மங்கையிடம் தட்டை நீட்டினார். "இங்க ரெண்டு வைம்மா. சட்னி கொஞ்சம் நெறைய ஊத்து."