என் மனைவியின் பாஸ்

சிங்கப்பூரில் நான் வேலை பார்ப்பதற்கான எம்ப்ளாய்மென்ட் பாஸைப் புதுப்பிக்க முடியாது என்று தெரிந்த அதே நாளில் என் மனைவிக்கு வேலை கிடைத்தது. அந்த வாரம் நான் செய்த காரியம் எங்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

நான் கட்டட வரைபடங்களைக் கணினியில் முப்பரிமாணமாக ஆக்குகிற பொறியாளன். கிளமெண்டியில் வாடகை வீடு. மனைவி, என் பாஸைச் சார்ந்து குடும்பத்தாருக்குக் கொடுக்கும் டிபியில் இருந்தாள். டிபி வைத்திருப்பவர் இங்கே தங்கலாம். வேலை பார்க்க வேண்டுமென்றால் தன் பெயரில் தனியாக ஒரு பாஸ் வேண்டும். ஊரில் பார்த்துக்கொண்டிருந்த மென்பொருள் வேலையை விட்டுவிட்டு எனக்காக வந்தவள். நான் கிளம்பிப் போனதும் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து இணையப் பாதுகாப்பு படித்தாள். ஐந்து வருடங்களில் ஒவ்வொரு தேர்வாக எழுதித் தேறினாள். நண்பர்கள் வந்தால், "சும்மா இருக்க முடியாம ஏதோ படிக்கிறா" என்று நானே சொல்லியிருக்கிறேன்.

அந்தப் புதன்கிழமை மதியம், எங்கள் அலுவலகத்தில் பாஸ் விவகாரங்களைக் கவனிக்கும் உள்ளூர்த் தமிழ்ப் பெண்மணி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, ரினியூவல் ரிஜெக்ட் ஆயிருச்சு லா. அப்பீல் போடலாம், ஆனா பாயிண்ட் பத்தாது."

"சம்பளம் போதும்னு சொன்னீங்களேக்கா?"

"சம்பளம் ஓகே. உங்க காலேஜுக்குப் பாயிண்ட் இல்ல. நம்ம கம்பெனில பாதிப் பேரு இந்தியாலேர்ந்து வந்தவங்க, அதுலயும் போச்சு. உங்க வேலை ஷார்ட்டேஜ் லிஸ்ட்லயும் வரல. நான் என்ன செய்ய, சொல்லுங்க?"

சம்பளம், படித்த கல்லூரி என்று ஒவ்வொன்றுக்கும் பாயிண்ட் போட்டுக் கூட்டித்தான் இங்கே பாஸ் கொடுக்கிறார்கள். ஆள் கிடைக்காத வேலைகளுக்கென்று ஒரு பட்டியலும் இருக்கிறது. அதில் இருக்கிற வேலை என்றால் கூடுதல் பாயிண்ட். என் வேலைக்கு ஆள் தாராளமாகக் கிடைக்கிறார்கள் என்பதை அன்றுதான் ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லிக் கேட்டேன்.

வீட்டுக்குப் போனால் கதவைத் திறந்தவள் முகமெல்லாம் சிரிப்பு. "கிடைச்சிருச்சுங்க!" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டு, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "கவலைப்படாதீங்க. என் வேலை அந்த லிஸ்ட்ல இருக்காம். நாம ஊருக்குப் போக வேண்டாம். நீங்க என் பாஸ்ல இருந்துக்கலாம்" என்றாள்.

ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கு அந்தக் கடைசி வாக்கியம் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாமல் ஓர் அற்பமான வேலை செய்தேன். தகுதியை நாமே சோதித்துப் பார்க்க அரசாங்க இணையதளத்தில் ஒரு வசதி உண்டு. அதில் அவளுடைய விவரங்களைப் போட்டுப் பார்த்தேன். தகுதி உண்டு என்று வந்தது. எங்காவது தப்பாகப் போட்டிருப்பேனோ என்று மறுபடியும் போட்டேன். என் கல்லூரியைவிடச் சின்னக் கல்லூரியில் படித்தவள். ஆனாலும் அவளுக்கு உண்டு, எனக்கு இல்லை.

என் பைக்குள் அப்போது அவளுடைய பட்டச் சான்றிதழ் இருந்தது. பட்டம் உண்மையானதுதானா என்று ஒரு நிறுவனம் சரிபார்த்துச் சொன்னால்தான் அவளுடைய முதலாளி பாஸுக்கு விண்ணப்பிக்க முடியும். செவ்வாய்க்கிழமைக்குள் சான்றிதழ்களை அனுப்பியாக வேண்டும், தாமதமானால் அடுத்த ஆளைப் பார்ப்பார்கள். கைப்பேசியில் எடுத்த படம் தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதனால் அன்று காலை சான்றிதழ்கள் இருந்த நீல நிற ஃபைலை என்னிடம் கொடுத்து, "ஆபீஸ்ல நல்லா ஸ்கேன் பண்ணிட்டு வந்துருங்க" என்று சொல்லியிருந்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் கேட்டாள். "ஸ்கேனர் கெட்டுப்போச்சும்மா" என்றேன். வெள்ளிக்கிழமை, "இன்னும் சரி பண்ணல" என்றேன். ஸ்கேனர் என் மேசையிலிருந்து பத்தடி தூரத்தில் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு வேலை கிடைக்கக் கூடாது என்று நான் நினைக்கவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். ஒரே ஒரு நாள் தாமதமாகி, எல்லாம் கைநழுவி, இருவரும் ஒன்றாகப் பெட்டி கட்டினால் நன்றாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். சனிக்கிழமை, "திங்கக்கிழமை பார்க்கலாம்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்கவே இல்லை. மறந்துவிட்டாள் என்று உள்ளூர ஒரு நிம்மதி.

திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல டிபன் பாக்ஸை என் பையில் வைத்தாள். ஃபைலைத் தள்ளி இடம் செய்துதான் வைத்தாள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. வேலை முடிந்ததும் லிட்டில் இந்தியாவில் எங்களுக்குப் பழக்கமான போட்டோகாப்பி கடைக்குப் போனேன். கடைக்காரர் மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழ் முஸ்லிம் பெரியவர். ஃபைலைத் திறந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, இத நேத்தே பண்ணிக் கொடுத்துட்டேனே. உங்க வீட்டுக்காரம்மா வந்திருந்தாங்க. மெயில்லயும் இங்கேருந்தே அனுப்பிட்டாங்க. சொல்லலியா?"

"சொன்னா பாய். நான்தான் மறந்துட்டேன்" என்று உளறிவிட்டு வெளியே வந்தேன். ஞாயிறு மதியம் நான் தூங்கும்போது ஃபைலை எடுத்துப் போய்விட்டுத் திரும்ப அதே இடத்தில் வைத்திருக்கிறாள்.

வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். "ஸ்கேனர் கெட்டுப்போகல. நான் வேணும்னுதான் பண்ணல."

"தெரியும்" என்றாள். "கெட்டுப்போச்சுன்னு சொன்ன அன்னைக்குத்தான் வீட்டு அக்ரிமெண்ட்ட ஆபீஸ்லேருந்து ஸ்கேன் பண்ணி எனக்கு அனுப்பியிருந்தீங்க."

அவள் துணியைக் கீழே வைத்தாள்.

"அஞ்சு வருஷம் உங்க பாஸ் கார்டப் பார்த்து எனக்கும் வயிறு எரிஞ்சிருக்கு. நீங்க காலையில ஷூ போடுறப்ப ரூமுக்குள்ள போயிருவேன், பார்க்கப் பிடிக்காம. ஆனா ஒரு நாளாவது உங்க ஷூவ ஒளிச்சு வச்சிருக்கேனா?"

சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மன்னிப்புக் கேட்டேன். மூன்று நாள் தேவைக்கு மட்டும் பேசினாள்.

அவளுக்குப் பாஸ் வந்தது. என்னுடையது முடிந்தது. எனக்கு டிபி. புது பாஸ் கார்டுகளுக்காக இருவரும் கைரேகை பதியப் போனோம். முகப்பில் இருந்தவர் வழக்கப்படி என்னைப் பார்த்துத்தான், யார் வேலைக்கு வந்திருப்பது என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் "நான்தான்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் குரலில் இருந்த அந்த நிமிர்வு என்னைப் பொறாமையில் வேகவைத்தது. அழகாகவும் இருந்தது.

எட்டு மாதம் வீட்டில் இருந்தேன். சமைத்தேன், விண்ணப்பங்கள் போட்டேன், சாயங்காலம் அவள் அலுவலகக் கதைகளைக் கேட்டேன். பிறகு ஒரு சிறிய நிறுவனம் எனக்கு எஸ் பாஸ் என்கிற வேலை அனுமதி எடுத்துக் கொடுத்தது. பழையதைவிட ஒரு படி கீழே. அவளுடையதைவிடவும்தான்.

பொறாமை போகவில்லை. போன மாதம் அவளுக்குப் பதவி உயர்வு வந்தபோதும் வந்தது. இப்போதெல்லாம் அதை மறைப்பதில்லை. "இன்னைக்குக் கொஞ்சம் எரியுது" என்று சொல்லிவிடுகிறேன்.

"மோர் இருக்கு, குடிங்க" என்கிறாள்.