முப்பத்தெட்டு முகம்

கேமரா மூன்றாவது முறையாகக் கீச்சிட்டதும் முருகலட்சுமி கன்னம் நிறைய மூச்சை வாங்கி வைத்துக்கொண்டு கண்களை இறுக மூடினாள். படம் விழுந்தது.

பூமயில் குனிந்து திரையைப் பார்த்தாள். புருவத்தின் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. கண் மட்டும் இல்லை.

"ஏ முருகு, உன்னைய என்ன கடலுக்குள்ளயா எறங்கச் சொன்னேன்?"

"நான் என்ன செய்ய மதினி. அது கீச்சுங்கவும் ஒடம்பு தன்னால மூச்சப் பிடிக்குது."

"பேத்தை மீனு மாதிரி உப்பிப் போயி இருக்க."

"இங்கன காட்டு." முருகலட்சுமி பார்த்தாள். "பேத்தைகூட கண்ணத் தெறந்துக்கிட்டுத்தான் உப்பும்."

வலைக்கூடத்தில் நின்றிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர்களில் ஐந்து பேர் சற்று முன்பு அதே ஸ்டூலில் உட்கார்ந்து அதே மாதிரி உப்பியவர்கள்.

மாரியூருக்குக் கிழக்கே உள்ள கரை அது. அந்தப் பெண்கள் பாசி எடுப்பவர்கள். படகில் போய், பார் என்கிற கடலடிப் பாறைத்திட்டுக்கு மேல் மூழ்கி, பாறையில் வளர்கிற மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பிடுங்கி இடுப்புப் பையில் அடைத்துக்கொண்டு மேலே வருவார்கள். பூமயில் முதல் முழுக்குப் போட்டபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. இப்போது நாற்பத்தேழு. விரல்களில் துணி சுற்றிக்கொண்டுதான் இறங்குகிறாள். துணியைத் தாண்டியும் பாறை விரல்நுனியைத் தேய்த்திருந்தது.

தங்கள் சங்கத்தின் வழியாக அடையாள அட்டைக்கு எழுதிப் போட்டபோது, விரல் வைக்கும் கருவி முப்பத்தெட்டுப் பேரில் ஒருத்தியின் ரேகையையும் எடுத்துக்கொள்ளவில்லை. துடைத்து வைத்தார்கள். எண்ணெய் தடவி வைத்தார்கள். சரி, முகமாவது தெளிவாக இருக்கட்டும், படம் கொண்டுவாருங்கள் என்றார் அங்கிருந்த அலுவலர். அட்டை இல்லாவிட்டால், பாரில் நிற்கும்போது ரோந்து வருகிறவர்கள் யார் நீங்கள் என்று கேட்டால் காட்ட ஒன்றுமில்லை. அப்படி இரண்டு முறை பாசியைக் கடலிலேயே கொட்டிவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

பிள்ளைகள் போனில் எடுத்துத் தந்தார்கள். போன் எல்லோரையும் வெளுப்பாக்கி வழவழவென்று ஆக்கிவைத்தது. அது செல்லாது என்றார்கள். சங்கத்தில் ஒரு கேமரா இருந்தது. போன் திரை பூமயிலின் விரலை அறியாது, எத்தனை முறை தேய்த்தாலும் சும்மா இருக்கும். கேமராவில் பொத்தான் இருந்தது. அமுக்கினால் அமுங்கியது. அதனால் அவள் எடுத்தாள்.

அந்த முப்பத்தெட்டும் திரும்பி வந்தன. படம் கலங்கியிருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். வியாழக்கிழமை மதியத்துக்குள் வேறு படம் வர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருடம்தான். இன்று புதன்.

பகலில் எடுத்திருந்தால் சுலபம். ஆனால் கடலிலிருந்து வந்த முகத்தோடு உட்கார ஒருத்தியும் சம்மதிக்கவில்லை. முழுக்குக் கண்ணாடிக்குள் கசியும் உப்பில் கண் சிவந்து பாதி மூடியிருக்கும். அதனால் இறங்குவதற்கு முன், காலை ஐந்தே முக்காலுக்கு, தலை சீவிப் பூ வைத்து, நல்ல சேலையில் வந்தார்கள். ஏழு மணிக்கு நீர் வற்றும். அதற்குள் படகில் இருக்க வேண்டும். வெளிச்சம் பாலில் தண்ணீர் கலந்ததுபோல் இருந்தது. ஃப்ளாஷ் போட்டால் முகம் சுண்ணாம்பாகி, பின்னால் கட்டிய வேட்டியில் நிழல் விழுந்தது.

சங்க அலுவலகத்தில் வேலை பார்க்கும் யும்னா, சாயல்குடியிலிருந்து பேருந்தில் கேமரா ஸ்டாண்டு ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தாள். வலைக்கூடத்தின் தரையில் மணல் ஏறிக் கிடந்தது. ஸ்டாண்டின் கால்கள் புதைந்தன. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று கூடத்தின் குறுக்கே ஓடி ஸ்டாண்டை நடுக்கியது. பூமயில் ஒரு பை நிறையக் கல்லைப் போட்டு நடுவில் தொங்கவிட்டாள். பை ஆடியது. கயிற்றை இறக்கி, பை தரையைத் தொடும்படி விட்டாள். நின்றது. கை பட்டால் அசையும் என்று யும்னா சொல்லியிருந்ததால், இரண்டு விநாடி கழித்துத் தானாக எடுக்கும்படி வைத்தாள். அந்த இரண்டு விநாடியில்தான் கேமரா கீச்சிட்டது. எல்லோரும் உப்பினார்கள்.

பூமயில் யும்னாவைப் போனில் கூப்பிட்டாள். முருகலட்சுமியின் மகன் நம்பரைப் போட்டுக் கொடுத்தான்.

"ஸ்டாண்டு நல்லாத்தான் நிக்குது தாயி. இவளுகதான் நிக்க மாட்டேங்குறாளுக."

"அப்ப கையிலயே எடுங்கக்கா. வெளிச்சம் கம்மியா இருந்தா கேமரா கண்ணு கொஞ்ச நேரம் கூடத் தெறந்திருக்கும். அந்த நேரம் அசையக் கூடாது. தூண்ல சாஞ்சுக்கங்க, முழங்கைய ஒடம்போட ஒட்டிக்கங்க. மூச்சப் பிடிச்சுக்கிட்டு அமுக்குங்க."

"போன தடவையும் மூச்சப் பிடிச்சுத்தான எடுத்தேன்."

"இன்னும் நல்லாப் பிடிங்க. வந்துரும், இன்ஷா அல்லாஹ்."

பூமயில் ஸ்டாண்டிலிருந்து கேமராவைக் கழற்றினாள். மணலில் உட்கார்ந்து தூணில் முதுகைச் சாய்த்து, முழங்கைகளை முழங்கால்களில் ஊன்றினாள். எதிரே ஸ்டூலில் சண்முகவள்ளி உட்கார்ந்தாள். பூமயில் மூச்சை இழுத்தாள். வயிறு, விலா, தோள் வரை நிரப்பினாள். அமுக்கினாள்.

சண்முகவள்ளியின் ஒவ்வொரு கண்ணுக்கும் மேல் இன்னொரு கண் இருந்தது.

மறுபடி நிரப்பினாள். மறுபடி நான்கு கண்.

மணி ஆறேகால். முதலில் எடுத்தது கெட்டுப்போனது அவளால்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது தடவையாக எழுந்து, குளித்து, சேலை மாற்றி வந்திருந்தார்கள். ஒருத்திகூடச் சொல்லிக்காட்டவில்லை.

பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த முருகலட்சுமி சொன்னாள்: "மதினி, பெட்டி துள்ளுது."

"எங்க துள்ளுது?"

"உன் நெஞ்சோட சேந்து துள்ளுது. இரு." அவள் பூமயிலின் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். "அடேயப்பா, என்ன அடி அடிக்குது. மூச்ச இப்பிடி நெப்பி வச்சிருக்கியே, நீ என்ன பாருக்கா போற?"

பூமயில் கேமராவை மடியில் இறக்கினாள்.

முப்பத்துநான்கு வருடமாக மூச்சைப் பிடிப்பது என்றால் அவளுக்கு நிரப்புவதுதான். வேறு மாதிரியும் பிடிக்கலாம் என்று அவள் உடம்புக்குத் தெரியாது. ஆனால் மேலே வருகிற நேரம் ஒன்று உண்டு. தலை நீருக்கு வெளியே வந்ததும் முதலில் மூச்சு வெளியே போகும். முழுக்கப் போன பிறகு, அடுத்ததை இழுப்பதற்கு முன் கொஞ்ச நேரம் ஒன்றுமே இருக்காது. பலகைபோல உடம்பு மிதக்கும்.

அவள் மூச்சை விட்டாள். பாதிக்கு மேல் போனதும் நிறுத்தினாள். விரலை வெறுமனே மடக்குவதுபோல் பொத்தானை அமுக்கினாள்.

சண்முகவள்ளிக்கு இரண்டு கண். இமை மயிர் தெரிந்தது. அதோடு, இரண்டு கண்ணையும் சுற்றி வட்டமாக ஒரு பள்ளம் தெரிந்தது. முழுக்குக் கண்ணாடி வருடக்கணக்கில் அழுத்திய தடம்.

"ஐயே, இது வேணாம், இத அழிச்சிரு" என்றாள் சண்முகவள்ளி. "ஆந்தை மாதிரி இருக்கு."

"இருக்கட்டும்" என்றாள் முருகலட்சுமி. "ரேகைதான் இல்ல. இதாச்சும் இருக்கட்டும்."

அதன் பிறகு வேகமாக நடந்தது. ஒருத்தி எழுந்தால் அடுத்தவள் உட்கார்ந்தாள். பூமயில் ஒவ்வொருவருக்கும் மூன்று எடுத்தாள், மூன்றில் ஒன்று நிச்சயம் நன்றாக வந்தது. உட்காருகிறவர்களிடமும் மூச்சை விடச் சொன்னாள். விட்டதும் முகங்கள் இளகின. ஆறு ஐம்பதுக்கு முப்பத்தேழு முகம் இருந்தது. எல்லா முகத்திலும் அந்த வட்டம்.

"நீ?" என்றாள் முருகலட்சுமி.

பூமயில் ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் முகம் துடைத்தாள். முருகலட்சுமி தூணில் சாய்ந்து கேமராவைத் தூக்கினாள்.

"மூச்ச விடு" என்றாள் பூமயில்.

"விட்டாச்சு. நீ பேசாம இரு, வாய் அசையுதுல்ல."

முதல் படமே வந்தது. பூமயில் அதை நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெண்களைப் பார்த்தாள். அவர்கள் அதற்குள் பழைய சேலைக்கு மாறி மேலே சட்டையை மாட்டிக்கொண்டு, விரலில் துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டாந்தடவையும் வந்தீகளே" என்றாள்.

"பின்ன, எங்க மூஞ்சிய நாங்கதான கொண்டாரணும்" என்றாள் சண்முகவள்ளி. "வா, படகு நிக்குது."

வியாழக்கிழமை கச்சான் குறைந்திருந்தது. பதினொரு மணிக்கு யும்னா படங்களை அலுவலரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். முப்பத்தெட்டையும் எடுத்துக்கொண்டார்கள் என்று மாலையில் அவள் போனில் சொன்னாள். ஸ்டாண்டைப் பேருந்தில் திருப்பி அனுப்பினார்கள். அன்று கடலில் பூமயில் முதல் முழுக்குக்கு மூச்சை விட்டுவிட்டு இறங்கினாள். உடனே மேலே வந்தாள். முருகலட்சுமி சிரித்தாள். பூமயில் மூச்சை நிரப்பிக்கொண்டு மறுபடி இறங்கினாள். மதியம் இரண்டு மணிவரை எடுத்தார்கள். ஆளுக்கு ஒரு பை பாசி கிடைத்தது.