உதைக்காத தோட்டா

என் அம்மாவிடம் ஒரு காலத்தில் துப்பாக்கி இருந்தது என்று சொன்னால் இன்று என் அலுவலகத்தில் யாரும் நம்புவதில்லை. நாலாம் வகுப்பில் எல்லோரும் நம்பினார்கள். நான் சொன்ன விதம் அப்படி. அம்மா அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குவாள் என்று சொல்லியிருந்தேன். உண்மையில் துப்பாக்கி ஒரு பீரோவிலும் தோட்டாக்கள் இன்னொரு பீரோவிலும் பூட்டிக் கிடந்தன. சாவிகள் அம்மாவின் கைப்பையில் இருந்தன. இந்த உண்மையைச் சொல்லியிருந்தால் பள்ளி வேனில் எனக்கு ஜன்னல் ஓர இடம் கிடைத்திருக்காது.

எங்கள் வீடு வைட்ஃபீல்டைத் தாண்டி, புதிதாகப் பிரித்த ஒரு லேஅவுட்டில் இருந்தது. நாற்பது மனைகளுக்கு ஆறு வீடுகள். மீதியெல்லாம் கருவேலமும் கற்கம்பமும்தான். இப்போது அங்கே அடுக்குமாடிகளுக்கு நடுவில் எங்கள் வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்பா கடன் வாங்கி, செங்கல் செங்கல்லாகப் பார்த்துக் கட்டிய வீடு. குடிவந்து ஒன்றரை வருடத்தில், அலுவலகத்திலிருந்து பைக்கில் திரும்பும்போது லாரி மோதிப் போய்விட்டார். அதைப் பற்றி அதிகம் எழுத இன்றும் எனக்குத் தெம்பு இல்லை.

அம்மாவுக்கு ஒரே ஒரு அண்ணன். மல்லேஸ்வரத்தில் தாத்தா கட்டிய பழைய வீட்டில் இருந்தார். அப்பா போன மறுமாதத்திலிருந்தே மாமா ஒரே பாட்டைப் பாட ஆரம்பித்தார். இந்த வீட்டை விற்றுவிட்டு எங்கள் வீட்டு மாடிக்கு வந்துவிடு, இரண்டு ரூம் சும்மாதானே கிடக்கிறது என்பார். சொல்வதோடு நிற்காமல் மாடிக்குப் பெயிண்டும் அடித்துவிட்டார். எனக்குப் புத்தக அலமாரி வைக்கச் சுவரில் ஆணி அடித்துக் காட்டினார். அம்மா ஒவ்வொரு முறையும் பார்க்கலாம் என்பாள். அம்மாவின் அகராதியில் பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். மாமாவுக்கு அது நாற்பது வருடப் பழக்கத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த நிலையில் இரண்டு வீடு தள்ளி ஒரு திருட்டு நடந்தது. ஊருக்குப் போயிருந்தவர்கள் வீட்டுப் பூட்டை உடைத்து டிவியையும் கேஸ் சிலிண்டரையும் கொண்டுபோய்விட்டார்கள். செய்தி கேட்டு மாமா ஓடி வந்தார். முகத்தில் கவலை இருந்தது, அதற்குள்ளேயே கொஞ்சம் வெற்றியும் தெரிந்தது. இனி என்ன சொல்லப்போகிறாய் என்பது போல அம்மாவைப் பார்த்தார். அம்மா காபியைக் கொடுத்துவிட்டு, அப்பாவின் துப்பாக்கியை என் பெயருக்கு மாற்றிக்கொள்கிறேன் என்றாள்.

அவள் சொன்னது தாத்தாவின் துப்பாக்கியை. தாத்தா மைசூர் ராஜ்ஜியக் காலத்திலேயே காட்டிலாகாவில் சேர்ந்தவர். அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கி, அவர் இறந்த பிறகு ஒரு துப்பாக்கிக் கடையின் பொறுப்பில் கிடந்தது. அதை அம்மா எடுத்துக்கொள்வதில் ஆட்சேபணை இல்லை என்று மாமா கையெழுத்துப் போட வேண்டும். அவர் யோசிக்காமல் போட்டார். ஒரு தடவை வெடித்துப் பார்த்தால் அவளே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிடுவாள் என்று அத்தையிடம் சொன்னாராம்.

லைசென்ஸ் வர மாதக்கணக்கில் ஆனது. போலீஸ்காரர் விசாரிக்க வந்து, அம்மாவை ஒரு பார்வை, துப்பாக்கி வைக்கப்போகும் பீரோவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஐந்தடி உயரமே உள்ள இந்த வேதியியல் லெக்சரருக்கு இது எதற்கு என்று யோசித்தபடியே எழுதிக்கொண்டு போனார். துப்பாக்கி கைக்கு வந்ததும், ஊருக்கு வெளியே இருந்த பயிற்சி மைதானத்துக்கு மாமாதான் எங்களைக் காரில் கூட்டிப்போனார். தோட்டாவையும் அவரே தேர்ந்தெடுத்தார். தாத்தாவோடு காட்டுக்குப் போனவர் அல்லவா? திருடனுக்கு எஸ்.ஜி.தான் சரி என்றார். உள்ளே விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய பெரிய குண்டுகள் கொண்ட கனமான தோட்டா அது.

அம்மா சுட்டாள். பலகையில் எங்கேயோ பட்டது. ஆனால் துப்பாக்கி அவளை உதைத்த உதையில் இரண்டடி பின்னால் போய் என் மேல் சாய்ந்தாள். மறுநாள் அவள் தோளில் நாவல்பழ நிறத்தில் ஒரு வட்டம் இருந்தது. ஒரு வாரம் கையைத் தூக்க முடியவில்லை. எனக்குப் பின்னல் போட ஆள் இல்லாமல், ரப்பர் பேண்டு போட்ட குதிரைவாலோடு பள்ளிக்குப் போய்த் திட்டு வாங்கினேன்.

மாமா அடுத்த ஞாயிறு வந்து, போதுமா என்று கேட்டார். அம்மா இல்லை என்றாள். ஆயுத பூஜைக்கு மறுநாள் மறுபடி போகலாம், அடுத்தடுத்து இரண்டு வெடி, இரண்டும் பலகையில் பட வேண்டும், ஒன்று தவறினாலும் நானே சாமானைக் கட்டுகிறேன் என்றாள். மாமா கையை நீட்டினார். அம்மா வலது கையைத் தூக்க முடியாமல் இடது கையால் அவர் உள்ளங்கையில் அடித்தாள். இப்படித்தான் எங்கள் வீடு இரண்டு தோட்டாவின் மேல் பந்தயம் ஆனது.

அன்று முதல் அம்மா தோட்டாவைப் பற்றி யோசித்த மாதிரி வேறு எதையும் யோசித்து நான் பார்த்ததில்லை. முதலில் டேப்பை எடுத்து ஹாலை அளந்தாள். ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். படுக்கையறைக் கதவிலிருந்து வாசல் கதவு பதினாறு அடி. கிராஃப் தாளில் வீட்டை வரைந்து, என் கட்டில் இருக்கும் இடத்தைச் சிவப்புப் பென்சிலால் கட்டம் போட்டாள். வாசலுக்கும் என் கட்டிலுக்கும் நடுவில் ஒரு பிளைவுட் கதவுதான். அந்தக் கட்டத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, தாத்தாவின் துப்பாக்கி கிடந்த கடைக்குப் போனாள்.

கடைக்காரர் வெள்ளைத் தாடி வைத்த பாய். உருதுவும் தமிழும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் வந்துபோகும். அம்மா கிராஃப் தாளை விரித்ததும் அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"மேடம், நீங்க காட்டுப்பன்னியா சுடப்போறீங்க? பதினாறு அடிக்கு எதுக்கு எஸ்.ஜி.? அது கதவ தாண்டிப் போய்டும்" என்றார்.

பிறகு அவர் கண்ணாடி மேஜையின் மேல் தோட்டாக்களை வரிசையாக நிறுத்தினார். குண்டு சிறியதாகச் சிறியதாக நம்பர் பெரியதாகுமாம். எனக்கு அது அநியாயமாகப் பட்டது. எட்டாம் நம்பரில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய ஈயக் குண்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். தோட்டாவில் ஈயத்தின் எடை குறைந்தால் தோளில் விழும் உதையும் குறையும் என்றார். பதினாறு அடி தூரத்தில் அவ்வளவு குண்டும் சிதறாமல் ஒரு பிடியாகப் போகும், ஆனால் கதவையும் சுவரையும் துளைப்பதில் எஸ்.ஜி.யின் பக்கத்தில் வராது. ஆனாலும் எதிரில் இருப்பவனுக்கு இது விளையாட்டுச் சாமான் இல்லை, எதன் பக்கம் நீட்டுகிறோம் என்பது எப்போதும் ஞாபகம் இருக்க வேண்டும் என்று விரலை ஆட்டினார். அம்மா வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காரும் பெண்ணைப் போலக் குறித்துக்கொண்டாள். யாரைச் சுடவேண்டியிருக்கிறது என்று அவர் தயக்கத்தோடு கேட்டார்.

"யாரையும் சுடப்போறதில்ல. என்னால சுட முடியும்னு காட்டணும், அவ்ளோதான்" என்றாள் அம்மா.

அவர் சிரிக்கவில்லை. இருப்பதிலேயே ஈயம் குறைந்த இருபத்துநாலு கிராம் தோட்டாக்களை எடுத்து, லைசென்ஸில் பதிந்து கொடுத்தார். துப்பாக்கியைத் தோளோடு இறுக்கி அணைத்துப் பிடிக்க வேண்டும், பயந்து தள்ளிப் பிடித்தால்தான் அது உதைக்கும் என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேக் செய்ய வாங்கிய தராசில் இரண்டு வகையையும் நிறுத்துப் பார்த்து, கடைக்காரர் சொன்னது சரிதான் என்று திருப்திப்பட்டாள். பழைய யோகா பாயை வெட்டி, சுடிதாரின் வலது தோளுக்கு உள்ளே வைத்துத் தைத்தாள். தினமும் காலையில் பால் பாக்கெட் வந்ததும், இரண்டு குழலும் காலி என்று திறந்து பார்த்துவிட்டு, வெறும் துப்பாக்கியைத் தூக்கித் தோளில் பதித்துப் பதித்து இறக்குவாள். நான் ஐம்பது வரை எண்ணிவிட்டுப் பல் தேய்க்கப் போவேன்.

ஆயுத பூஜை வந்தது. ஸ்கூட்டருக்கும் மிக்ஸிக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில் துப்பாக்கியையும் சாய்த்து வைத்தோம். மறுநாளைக்கு எடுத்துப்போகும் நான்கு லேசான தோட்டாக்களுக்கும் சந்தனமும் குங்குமமும் வைக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. ஒவ்வொன்றின் பித்தளைத் தலைக்கும் மேலே வட்டமாக ஒரு பொட்டு. மிச்சமிருந்த எஸ்.ஜி. தோட்டாக்களை அம்மா பூஜைக்கே எடுக்கவில்லை. அவை அட்டைப்பெட்டியோடு பீரோவிலேயே கிடந்தன.

மறுநாள் மாமா சீக்கிரமே வந்துவிட்டார். அம்மா பொட்டு வைத்த தோட்டாக்களை என் பழைய டிபன் டப்பாவில் எடுத்து வைத்துவிட்டு, பீரோவைப் பூட்டாமல் காபி போடப் போனாள். மாமா பீரோவின் முன்னால் நின்று கொஞ்சநேரம் யோசித்தார். பிறகு டப்பாவைத் திறந்து மேலிருந்த இரண்டை எடுத்துவிட்டு, அட்டைப்பெட்டியிலிருந்து இரண்டை வைத்தார். இரண்டும் ஒரே சிவப்பு நிறம். நான் வாசலில் நின்று பார்த்ததை அவர் பார்த்தார். உதட்டில் விரல் வைத்து, "அம்மாக்கு சொல்லாத கண்ணா, மாமா நல்லதுக்குத்தான் செய்யறேன்" என்றார்.

எனக்கு ஒரே சந்தோஷம். பெரிய குண்டு என்றால் பெரிய சத்தம், பெரிய ஓட்டை. மாமா கடைசி நேரத்தில் மனம் மாறி அம்மாவை ஜெயிக்கவைக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். வழியெல்லாம் வாயை இறுக்கி மூடிக்கொண்டு வந்தேன்.

மைதானத்தில் அம்மா கேட்டுக்கொண்டபடி பதினாறு அடியில் பலகை வைத்தார்கள். அம்மா துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு டிபன் டப்பாவைத் திறந்தாள். பொட்டோடு குழலில் போடக்கூடாது என்பதால் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தாள். முதல் தோட்டாவைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. கீழே கிடந்த இரண்டில் குங்குமம் பளிச்சென்று இருந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஆகாயத்தைப் பார்த்தேன். பிறகு மாமாவைப் பார்த்தாள். அவர் பலகையின் தூரத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார்.

திட்டுவாள் என்று நினைத்தேன். அம்மா பொட்டில்லாத ஒரு தோட்டாவைக் குழலில் போட்டு, துப்பாக்கியை மாமாவிடம் நீட்டினாள்.

"அப்பா இருந்தப்போ பூஜைக்கு மறுநாள் முதல் வெடி வீட்டுக்குப் பெரியவங்கதானே வைப்பாங்க. இப்போ நீதான் பெரியவன். வைண்ணா" என்றாள்.

மாமாவின் முகம் வெளுத்துப்போனது. மைதானத்துப் பயிற்சியாளர் பக்கத்திலேயே, நல்ல வழக்கம் என்று தலையாட்டிக்கொண்டு நின்றார். மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. மாமா துப்பாக்கியை வாங்கினார். உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்ததாலோ என்னவோ, அதைத் தோளிலிருந்து தள்ளியே பிடித்தார். வெடித்ததும் கண்ணாடி ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம் பறந்தது. மாமா மண்ணில் உட்கார்ந்திருந்தார். பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அம்மா அவரைத் தூக்கி நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தாள். பிறகு பொட்டு வைத்த இரண்டையும் நிதானமாகத் துடைத்துப் போட்டாள். ஒன்று. துப்பாக்கி இறங்கவே இல்லை. இரண்டு. பலகையின் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு ஓட்டைகள். என் அம்மாவைப் பார்த்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. மாமாவின் பெரிய குண்டுகளைவிட இந்தக் கடுகுகள் எப்படி ஜெயித்தன என்று மட்டும் எனக்குப் புரியவில்லை.

திரும்பும்போது அம்மாதான் காரை ஓட்டினாள். வீட்டில் மாமாவை நாற்காலியில் உட்காரவைத்துத் தோளில் தைலம் தேய்த்தாள். திடீரென்று மாமா அழுதார். அவ்வளவு பெரிய ஆள் அழுது நான் பார்த்ததில்லை.

"உன்னயும் குழந்தையையும் இங்க விட்டுட்டு எனக்கு ஒரு நாளும் தூக்கம் வரலம்மா" என்றார்.

"தெரியும்ணா. அதுக்காக நான் உன் வீட்டு மாடியில தூங்க முடியுமா?" என்றாள் அம்மா. அவள் கை தேய்ப்பதை நிறுத்தவில்லை. தோள் ரொம்ப வலிக்கிறது போல என்று நினைத்து, நான் ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் கொண்டுவந்து கொடுத்தேன்.

அதன்பின் மாடியைப் பற்றி மாமா வாயே திறக்கவில்லை. ஞாயிறு தவறாமல் வந்து, வற்றல்குழம்பு சாப்பிட்டு, எங்கள் வாசல் கேட்டுக்கு எண்ணெய் விட்டுவிட்டுப் போவார். மாடியை யாருக்கோ வாடகைக்கு விட்டுவிட்டார் என்று அத்தை சொன்னாள்.

சில மாதங்களில் தேர்தல் வந்தது. தேர்தல் நேரத்தில் லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. அம்மா துப்பாக்கியைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். தேர்தல் முடிந்தது. தெருவில் எல்லாக் கட்சிக் கொடிகளும் இறங்கின. அம்மா அதைத் திருப்பி வாங்கப் போகவில்லை. ஸ்டேஷனிலிருந்து இரண்டு முறை போன் வந்த பிறகு, அதைப் பழையபடி துப்பாக்கிக் கடைக்காரரிடமே வைத்துவிட்டு வந்தாள். எனக்குப் பயமாகிவிட்டது. பள்ளி வேனில் என்ன சொல்வது என்பது ஒரு பக்கம், திருடன் வந்தால் என்ன செய்வது என்பது இன்னொரு பக்கம்.

"ஏம்மா திருப்பிக் குடுத்துட்ட?"

அம்மா எனக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். "அதோட வேலை முடிஞ்சுபோச்சுடி" என்றாள்.

அன்று வேனில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். எங்கள் வீட்டுக்கு ஒரு திருடனும் வரவில்லை. யாரையும் அது சுடவில்லை. அப்புறம் என்ன வேலை முடிந்தது என்று எனக்கு விளங்கவே இல்லை.