ஒரு கடலையை நகர்த்தாத டாக்டர்

அண்ணே, ஒரே ஒரு கடலைக்காகப் பிள்ளைகளின் மருந்தைத் தடுத்து வைத்திருப்பவர் நீங்கள்தான். குழந்தைகள் அவசரப் பிரிவின் தலைமை டாக்டரான உங்களிடம் இதைச் சொல்ல அங்கே யாருக்கும் தைரியமில்லை. நான் கெலுகோர் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் பாடம் நடத்துகிறவள். எனக்கென்ன பயம்?

மூச்சுத்திணறலோடு வரும் பிள்ளைகளுக்கு முகமூடி வழியாகக் கூடுதலாக ஒரு மருந்தைக் கொடுத்து உங்கள் பிரிவில் சோதித்தார்கள். மருந்து பெற்றவர்களில் வார்டில் சேர்க்கப்பட்டவர்கள் குறைவு. ஆனால் அந்த வித்தியாசம், தற்செயலல்ல என்று ஏற்பதற்கான வழக்கமான அளவுகோலை மயிரிழையில் எட்டவில்லை. "பயனில்லை" என்று எழுதி மருந்தையே நிறுத்திவிட்டீர்கள்.

அதே எண்களை பேயசியன் முறையில் மறுபடி அலச உங்கள் இளம் டாக்டர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். பெரிய வித்தையில்லை. சோதனைக்கு முன் என்ன நம்பினோம் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சோதனை காட்டியதை அதோடு சேர்த்து, இப்போது எவ்வளவு நம்பலாம் என்று கணக்கிட வேண்டும்.

நம்பிக்கையை அளக்க வறுத்த கடலை கொண்டுபோனேன். மேசையில் மூன்று கிண்ணங்கள்: மருந்து கெடுக்கும், ஒன்றும் செய்யாது, உதவும். ஆளுக்கு ஒரு பிடி; எதை எவ்வளவு நம்புகிறோமோ அந்தக் கிண்ணத்தில் அத்தனை கடலை. மூத்த தாதி அக்கா யோசித்து யோசித்துப் பிரித்துப் போட்டார். நீங்கள் மொத்தத்தையும் நடுக்கிண்ணத்தில் கொட்டினீர்கள்.

"அண்ணே, 'உதவும்' கிண்ணத்துல ஒண்ணாச்சும் போடுங்க. காலியா விட்டா எந்தச் சோதனை வந்தாலும் அது காலியாத்தான் இருக்கும். பூஜ்யத்த எதால பெருக்குனாலும் பூஜ்யம்தானே?"

"நம்பிக்கையெல்லாம் கோயில்ல வெச்சுக்கம்மா. இது சயன்ஸ் லா!" என்றீர்கள், நம்மூர்ப் பேச்சின் அந்த 'லா'வோடு.

பிறகு நீங்கள், அக்கா, நான் மூவரும் சூலியா தெருவுக்குச் சாப்பிடப் போனோம். வெயில் மண்டையைப் பிளந்தது. நீங்கள் காரிலிருந்து குடையை எடுத்தீர்கள்.

"எதுக்கு டாக்டர் குடை?" என்றார் அக்கா.

"இந்த மாசத்துல மழை வரும் லா. எத்தன வருசமா பாக்குறேன்!"

"அப்ப குடைக்கு மட்டும் உங்ககிட்ட கடலை இருக்கு." அக்கா விடவில்லை.

கடையில் உட்கார்ந்ததும் நீங்கள் மீன் தலையைப் பிரிக்கத் தொடங்கினீர்கள். திரும்பும்போது மழையும் வந்தது. மூவரும் அந்த ஒரு குடைக்குள்தான் ஒண்டினோம்.

கணக்கு முடிந்துவிட்டது. மற்ற எல்லாருடைய கடலைக் கணக்கின்படியும் மருந்து உதவுவதற்கே வாய்ப்பு அதிகம். சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நிறுத்திவைக்க நியாயமில்லை. உங்கள் கணக்கு மட்டும் அசையவில்லை. உங்கள் சம்மதம் இல்லாமல் மருந்து திரும்பாது. பிள்ளைகளோ இன்றும் நெஞ்சு இழுக்க இழுக்க வந்துகொண்டிருக்கிறார்கள்.

பிரிவின் அடுத்த கூட்டத்தில், எல்லார் முன்னாலும் எழுந்து நின்று பதில் சொல்லுங்கள் அண்ணே: ஒரு கடலையை நகர்த்த உங்களுக்கு இன்னும் என்ன வேண்டும்?