கண்ணாடியில் எழுதாத பாட்டு

நேற்று லத்தா தெருவில் ஒரு கைபேசிக் கடைக்காரர் பழைய செய்தித்தாளை நனைத்துக் கசக்கிக் கடைக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஈரத்தாளின் மை வாசனை என்னை அங்கேயே நிறுத்திவிட்டது. தொண்ணூறுகளில் அதே தெருவில் எனக்குக் கேசட் கடை இருந்தது. சனிக்கிழமை காலையில் இப்படித்தான் கண்ணாடியைத் துடைத்து, அந்த வாரம் அதிகம் விற்ற பத்துப் பெயர்களை வெள்ளைச் சாயத்தில் எழுதுவேன்.

என் கையெழுத்தின்மேல் எனக்குக் கர்வம் உண்டு. பர்மிய எழுத்தின் வட்டங்களை ஒரே அளவில் போடுவேன். கணிதப் பட்டதாரி, எண்ணிக்கையில் பொய் சொல்லமாட்டான் என்று தெருவே நம்பியது. ஒரு வாரப் பத்திரிகைக்காரர்கூட என் கண்ணாடியைப் பார்த்துத்தான் தம் பட்டியலைப் போடுவார்.

தனபால் என்ற தமிழ்ப் பையன் போட்டாதாங் படகுத்துறைப் பக்கம் ஒரு பீர்க் கடையில் பாடினான். பர்மியர்களுக்கு அவன் கோ தெய்ன். பீர்ப் பெட்டிகளை அடுக்கிய மேடை, இரண்டு கிதார், ஒரு டிரம். அவன் பாட ஆரம்பித்தால் வறுத்த கடலையை மெல்லுகிறவர்கள் வாயை நிறுத்துவார்கள். அன்று எல்லோரும் வெளிநாட்டு மெட்டுக்குப் பர்மியச் சொற்களைப் பொருத்திப் பாடினார்கள். அதற்குப் பெயரே 'காப்பி'.

"டேய், நீயும் காப்பி பாடு. ஒன் மெட்ட எவன் கேப்பான்?" என்றேன்.

"மொதல்ல நீங்க கேளுங்கண்ணே," என்று சிரித்தான். "ஒங்க கண்ணாடியில பத்தாவதா வந்தாலும் போதும். அடுத்த கேசட்டும் போடலாம்னு கேசட் கம்பெனி மொதலாளி சொல்லியிருக்காரு."

சொந்த மெட்டில் ஒரே ஒரு பாட்டு. 'நனைந்த படகுச் சீட்டு' என்று அதன் பெயருக்குப் பொருள். கேசட்டின் ஒரு பக்கம் பாட்டு, மறுபக்கம் சொல்லில்லாத இசை. ஒற்றைப் பாட்டுக்கு ஒரு கேசட்டா என்று கேலி செய்துகொண்டே ஒரு பெட்டி மட்டும் வாங்கி வைத்தேன். அந்த வாரமே பெட்டி காலி. மாவ்பியிலிருந்து கீரை கொண்டுவரும் பெண்கள்கூடக் கேட்டு வாங்கினார்கள்.

சனிக்கிழமை தூரிகையோடு நின்றேன். நியாயப்படி முதலிடம் அதற்குத்தான். எழுதவில்லை. பொறாமை என்றாலாவது கொஞ்சம் கௌரவமாக இருக்கும். நான் சொன்னது தப்பாகிவிடக் கூடாது, அவ்வளவுதான். பத்து இடத்திலும் வேறு பெயர்களை எழுதினேன்.

எதிர் நடைபாதையில் தனபால் வந்து நின்றான். மடிப்புக் கலையாத புது லுங்கி. பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படித்தான். மறுபடியும் கீழிருந்து. பிறகு உள்ளே வந்தான்.

"விக்கலையாண்ணே?"

"சுமார்தான்டா." காலிப் பெட்டியைக் காலால் மேசைக்கடியில் தள்ளினேன்.

"நீங்க அப்பவே சொன்னீங்க. நாந்தான் கேக்கல."

முதலாளியும் என் கண்ணாடியை நம்பி அவனைக் கைவிட்டார். மறு வருடம் தனபால் மலேசியாவுக்கு உணவகத்தில் எச்சில் தட்டுக் கழுவப் போனான். விடைபெற வந்தவன், "என்னாட்டம் கனாக் காண்ற பயலுவளுக்கும் இப்படியே நெசத்தச் சொல்லுங்கண்ணே," என்றான். அப்போதாவது வாய் திறந்திருக்கலாம். தேநீர் வேண்டுமா என்று கேட்டேன்.

அவன் திரும்பவில்லை. பீர்க் கடை போய்விட்டது, கேசட்டும் போய்விட்டது. அந்தப் பாட்டின் ஒரு பிரதிகூட என்னிடம் இல்லை, அத்தனையும் விற்றுவிட்டதே.

நேற்று கடைக்காரர் துடைத்து முடித்ததும் எதிர் நடைபாதை கண்ணாடியில் பளிச்சென்று தெரிந்தது. ஏனோ திரும்பிப் பார்த்தேன்.